அடிமுறைக்கு ஒரு விதிநூல் வேண்டும்

அடிமுறையைக் காக்க வேண்டும் என்ற குரல் குமரி மாவட்டத்திலும் நெய்யாற்றின்கரைப் பகுதியிலும் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு மேடையில் எழுகிறது. சிறுவர்கள் ஒற்றைச்சுவடு காட்டுகிறார்கள். ஆசானுக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறது. சிலர் அகத்தியரைப் பற்றிப் பேசுகிறார்கள், வேறு சிலர் போதிதருமரைச் சீனத்துக்கு அனுப்பிவைக்கிறார்கள். கூட்டம் கலைந்துவிடுகிறது. இந்தக் கலைக்கு இப்போது வேண்டியது இன்னொரு பாராட்டு விழா என்று நான் கருதவில்லை. அதற்குத் தோற்பதற்கு ஓரிடம் வேண்டும். எதிர்த்து நிற்கும் ஒருவரிடம் தான் கற்றதைச் செய்துபார்த்து, அது பலிக்காமல் போய், மறுநாளும் உடல் சேதமின்றிப் பயிற்சிக்குத் திரும்புவதற்கு வழிசெய்யும் ஒரு போட்டி விதிநூல் வேண்டும்.

இதை எழுதத் தூண்டியது அடிமுறை அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் ஆறு வாரங்களில் என் முதல் பிரேசிலிய ஜியு-ஜிட்சு போட்டி. பாறசாலைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சென்று வாரத்தில் நான்கு நாள் பயிற்சி செய்கிறேன். ஆய்வுக்காக எல்லையோரப் பேச்சுவழக்கைப் பதிவுசெய்து திரியும் பகல்களுக்கும், பாயில் ஒருவர் மார்பின்கீழ் மூச்சுத் திணறிக் கிடக்கும் மாலைகளுக்கும் தொடர்பில்லை என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆனால் போட்டிக்கான ஆயத்தம் ஒரு மனிதரை விதிநூலைப் படிக்க வைக்கிறது. விதிநூலைப் படித்தால், அது எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது, அவற்றுக்கு என்ன பெயரிடுகிறது என்று பார்ப்பது மொழியியல் படித்தவர்களுக்குத் தவிர்க்க முடியாத பழக்கம்.

சர்வதேசக் கூட்டமைப்பு வெள்ளைப் பட்டைக்காரர்களுக்கு வகுத்திருக்கும் முறை மிக எளியது. ஆட்டம் 5 நிமிடம். எதிராளியை வீழ்த்தினால் 2 புள்ளி. கீழே கிடந்தபடி அவரைப் புரட்டி மேலேறினால் 2. அவர் கால்களாகிய அரணைக் கடந்து பக்கவாட்டில் அமர்ந்தால் 3. மார்பின்மீதோ முதுகின்மீதோ ஏறிக் கட்டுப்படுத்தினால் 4. பெறும் நிலையை 3 வினாடி தக்கவைத்தால்தான் புள்ளி. மூட்டைப் பூட்டியோ கழுத்தை நெரித்தோ எதிராளியைத் தட்ட வைத்தால் புள்ளிக் கணக்குக்கே வேலையில்லை, ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். தட்டுதல் என்பது கையால் எதிராளியின் உடலிலோ தரையிலோ தட்டுவது. அந்தக் கணமே பிடியை விட்டாக வேண்டும்.

என் கவனத்தை ஈர்த்தது தடைப்பட்டியல். வெள்ளைப் பட்டையில் மணிக்கட்டுப் பூட்டு கூடாது. முழங்காலை நேரே நீட்டிப் பூட்டுவது கூடாது. குதிகாலைத் திருகுவது அறவே கூடாது. தூக்கித் தரையில் அறைதல் எந்தப் பட்டையிலும் கூடாது. பட்டை ஏற ஏறச் சில பூட்டுகள் அனுமதிக்கப்படுகின்றன. கற்பவரின் முதிர்ச்சிக்கேற்ப ஆபத்தைத் திறந்துவிடும் ஏற்பாடு இது. நம் ஆசான்மார் வர்மத்தை எல்லாருக்கும் ஒரே நாளில் சொல்லித் தருவதில்லை என்பதற்கு என்ன காரணம் சொல்வார்களோ, அதே காரணம்தான் இதற்கும். வேறுபாடு, இங்கே அது அச்சிட்ட தாளில் இருக்கிறது. எவரும் படிக்கலாம்.

இப்படி ஒரு விதிநூல் எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதற்கு ஜப்பானின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1882இல் கானோ ஜிகொரோ கொடோகானைத் தொடங்கியபோது அவர்முன் இருந்தவை போர்க்களத்துக்கென உருவான பழைய ஜுஜுட்சு மரபுகள். கண்ணைக் குத்துதல், உயிர்நிலைகளைத் தாக்குதல், மூட்டை முறித்தல் எல்லாம் அவற்றில் இருந்தன. அவற்றுள் அடிகளையும் முறிப்புகளையும் கானோ கழித்தெறியவில்லை. 'கதா' என்னும் வரிசைப் பயிற்சியில் அவற்றைப் பத்திரப்படுத்தினார். முழு எதிர்ப்போடு செய்தாலும் பெருஞ்சேதம் விளைவிக்காதவற்றை மட்டும் பிரித்தெடுத்து, 'ரந்தோரி' என்ற கட்டற்ற பயிற்சிக்கு விட்டார். ஆபத்து குறைந்த நுட்பத்தை நாள்தோறும் நூறுமுறை உண்மையாகச் செய்து பார்ப்பவர், ஆபத்து மிகுந்த நுட்பத்தை ஒத்துழைக்கும் துணைவர்மீது மட்டும் செய்து பார்த்தவரைவிடத் திறமானவர் ஆகிறார் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கொடோகானில் பயின்ற மயேதா மிட்சுயோ 1914இல் பிரேசிலை அடைந்தார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவர் குடும்பத்தாரும் தரையில் கிடந்து போரிடும் பகுதியை வளர்த்தெடுத்தனர். அது 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு வரை வந்து, இன்று திருவனந்தபுரத்தின் ஒரு மாடிக்கட்டடத்தில் என் கழுத்தை நெரிக்கிறது.

இனி அடிமுறைக்கு வருகிறேன். இப்பகுதியை அறியாத நண்பர்களுக்காகச் சிறு குறிப்பு. களியக்காவிளையைக் கடந்தால் பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று நெடுஞ்சாலை திருவனந்தபுரம் நோக்கிப் போகிறது. உள்நாட்டில் பனச்சமூடு, வெள்ளறடை, காரக்கோணம், குன்னத்துக்கால். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கேட்ட பட்டியலில் இருந்தும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. கோடு போட்டவர்களுக்குக் களரிகளைப் பற்றிக் கவலை இருந்திருக்க நியாயமில்லை. ஒரே ஆசான் மரபின் சீடர்கள் கோட்டுக்கு இருபுறமும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

கோட்டுக்கு அந்தப்புறம் அது அடிமுறை, வர்ம அடி. இந்தப்புறம் அதன் பெயர் 'தெக்கன் களரி'. இந்தப் பெயர்மாற்றம் இயல்பாக நேர்ந்த ஒன்றன்று. 1958இல் கேரளக் களரிப்பயற்றுச் சங்கம் அமைந்து, மாநில விளையாட்டு மன்றத்தோடு இணைந்த பிறகு, வடக்கே மலபாரின் மரபு 'வடக்கன்' ஆகவும் நம்முடையது 'தெக்கன்' ஆகவும் ஒரே குடையின்கீழ் வந்தன. இரண்டையும் கற்றோ கண்டோ இருப்பவர்களுக்குத் தெரியும், இவை ஒரே மொழியின் வட்டார வழக்குகள் அல்ல. வடக்கில் குருக்கள், தெற்கில் ஆசான். வடக்கில் பரசுராமர், தெற்கில் அகத்தியர். வடக்கில் 42 அடி நீளக் குழிக்களரியும் பூத்தறையும், தெற்கில் தென்னை மூட்டில் கிடைத்த வெளிமுற்றம். வடக்கில் மெய்ப்பயற்றால் உடலை வளைத்துப் பல ஆண்டு கழித்தே வெறுங்கைப் போர், தெற்கில் தொடக்கம் முதலே அடியும் தடையும். பிலிப் சரில்லி 1998இல் வெளியிட்ட நூலில் தெற்கு மரபின் தனித்தன்மையை விரிவாகவே பேசியிருக்கிறார். ஆயினும் 'களரி' என்றதும் நம் கண்முன் வருவது வாளும் பரிசையும் ஏந்திப் பாயும் வடக்கத்திய உருவம்தான். 2020இல் வந்த 'பட்டாஸ்' திரைப்படம் அடிமுறை என்ற சொல்லைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோனது உண்மை. பாறசாலைக்கு அந்தச் சொல் திரையரங்கு வழியாகத் திரும்பி வந்தது என்பது அதைவிடப் பெரிய உண்மை.

இப்போது ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். இஞ்சிவிளையிலோ பனச்சமூட்டிலோ ஓர் ஆசானிடம் நான்காண்டு அடிமுறை கற்றிருக்கிறாள். அவள் எந்தப் போட்டிக்குப் போவாள்? 2020 இறுதியில் ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சேர்த்த நாட்டார் கலைகளுள் களரிப்பயற்றும் ஒன்று. அதில் மெய்ப்பயற்று, சுவடு, வாளும் பரிசையும், நெடுவடி, உயரத்தில் தொங்கும் பந்தைக் காலால் எட்டும் சவிட்டிப்பொங்கல் போன்றவை முதன்மை பெறுகின்றன. தமிழ்நாட்டுப் பக்கம் போனால் சிலம்பம். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த அதே கேலோ இந்தியாவில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஆக, வீட்டின் முன்வாசல் வழியே போனால் வாள், பின்வாசல் வழியே போனால் கம்பு. அவள் கற்ற கைப்போருக்கு இரு வாசலிலும் உரிய இடம் இல்லை. பள்ளித் தேர்வில் கிடைக்கும் அருள்மதிப்பெண், கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, தமிழ்நாட்டு அரசுப் பணியில் 3 விழுக்காடு, இவை யாவும் சான்றிதழோடு கட்டுண்டவை. சான்றிதழ் போட்டியோடு கட்டுண்டது. ஆசான்மாரின் பேரப்பிள்ளைகள் ஏன் கராத்தேக்கும் டேக்வாண்டோவுக்கும் போகிறார்கள் என்று வருந்துவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பண்பாட்டுப் பற்றின்மை என்று பழிசொல்வது எளிது, ஆனால் அந்தப் பிள்ளைகள் செய்வது முற்றிலும் அறிவுடைய செயல்.

எதிர்வாதம் எனக்குத் தெரியாததன்று. வர்மம் உயிர்போக்கும் கலை. 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஆக 108 நிலைகள். இதைப் போட்டியில் எப்படி வைப்பது? பாறசாலைப் பக்கம் ஓர் ஆசானிடம் ஜியு-ஜிட்சுவின் விதியை விளக்கியபோது அவர் கேட்டது இதைத்தான்: "மக்கா, தட்டினா விட்டுருவானா? பின்ன எதுக்குப் பிடிக்கிறது?" "விட்டுருவான் ஆசானே, அதனாலதான் நாளைக்கும் பிடிக்க முடியுது" என்றேன். அவர் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை. சற்றுநேரம் கழித்து, தாம் இளைஞராயிருந்தபோது மணலில் துணியைப் பிடித்து ஒருவரையொருவர் வீழ்த்திப் பார்த்ததுண்டு என்று தாமாகவே சொன்னார். அதைக் கலையின் பகுதியாக அவர் எண்ணவில்லை, விளையாட்டு என்றே சொன்னார். கானோ பிரித்தெடுத்தது சரியாக அந்தப் பகுதியைத்தான்.

உயிர்போக்கும் கலை ஆகையால் சோதிக்க இயலாது என்ற வாதத்தில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. சோதிக்க இயலாத ஒன்றைப் பற்றி எதையும் சொல்லலாம். வர்ம நூல்கள் பரிபாசையில் எழுதப்பட்டவை. ஆசான் வாய்திறந்து பொருள் சொன்னாலன்றிச் செய்யுள் புலப்படாது. இந்த மறைப்பு தகாதவர் கையில் கலை சிக்காமல் காத்தது என்பதை மறுக்கவில்லை. அதே மறைப்பு போலிகளையும் காத்தது. சுட்டுவிரலால் தொட்டு ஆளை மயக்குவதாகக் காணொளி போடுபவரையும், முப்பதாண்டு பயின்ற ஆசானையும் வெளியிலிருக்கும் ஒருவர் எப்படிப் பிரித்தறிவார்? போட்டி முழு உண்மையைச் சொல்லிவிடாது. பொய்களில் சிலவற்றையாவது சொல்ல முடியாமல் செய்யும்.

போட்டிக்கு விலையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1964இல் ஒலிம்பிக்குக்குப் போன ஜூடோ 2010க்குப் பிறகு எதிராளியின் காலைக் கையால் பிடித்து வீழ்த்தும் நுட்பங்களை ஆட்டத்திலிருந்து ஒதுக்கியது. ஒரு தலைமுறை அவற்றை மறக்கத் தொடங்கிவிட்டது. ஜியு-ஜிட்சுவிலோ, வீழ்த்தும் முயற்சியே இன்றி ஆட்டம் தொடங்கியதும் தானாகத் தரையில் அமர்ந்துகொள்பவர்கள் ஏராளம். தெருவில் எவரும் அப்படி அமரமாட்டார்கள். விதி எதற்குப் புள்ளி தருகிறதோ அது வளரும், தராதது தேயும். ஆகவேதான் விதிநூலை எழுதுவது யார் என்பது முக்கியமாகிறது. அடிமுறையை அறியாத ஒரு சம்மேளனம் நாளை அதைக் களரிப்பயற்றின் ஒரு பிரிவாகச் சேர்த்து, அழகுக்கு மதிப்பெண் போட்டுவிட்டால், பத்தாண்டில் மிஞ்சுவது நடனம். மேலும், அரசின் அங்கீகாரம் நிலையானதும் அன்று. 2023இல் கோவா தேசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாக இருந்த களரிப்பயற்று, 2025இல் உத்தராகண்டில் காட்சிப் பிரிவுக்குத் தள்ளப்பட்டதை நாம் கண்டோம். எனவே விதிநூல் முதலில் ஆசான்மாரிடையே, இரு மாநிலத்து ஆசான்மாரும் அமர்ந்து, எழுதப்பட வேண்டும். அங்கீகாரம் பின்னர் வரட்டும், வராமலும் போகட்டும்.

என்ன இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சில கருத்துகள் உண்டு. வர்ம அடி போட்டிக்குள் வரவே வேண்டாம், சுவடுகளில் அது இருக்கட்டும். பிடி, பூட்டு, வீழ்த்து ஆகிய மூன்றும் போதும். எடைப்பிரிவு கட்டாயம். நம் மரபில் அந்தக் கருத்தே இல்லை, சிறியவர் பெரியவரை வெல்வதுதான் கதைகளின் சுவை. ஆனால் சமமான எடையில்தான் நுட்பம் கண்ணுக்குத் தெரியும். ஜியு-ஜிட்சுவில் தடித்த பயிற்சி உடையோடுதான் எடை பார்ப்பார்கள், அதுவும் ஆட்டத்துக்குச் சற்று முன்னர். உடையே ஒன்றரை, இரண்டு கிலோ வரும். 64 கிலோ பிரிவில் நிற்க விரும்புபவர் 62ஐத் தாண்டக் கூடாது. இதற்காக முதல் போட்டியிலேயே பட்டினி கிடப்பது அறிவீனம் என்று பயிற்றுநர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே மரச்சீனியும் சாளை மீனும் அளவோடு தொடர்கின்றன. ஒரு வீழ்த்து, அரணைக் கடக்க ஒரு வழி, அடியில் சிக்கினால் தப்ப ஒரு வழி, முடிக்க ஒரு பூட்டு. இந்த நான்கை மட்டுமே இந்த ஆறு வாரமும் திரும்பத் திரும்பச் செய்கிறேன். புதிதாக எதையும் கற்பதில்லை. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு ஆயத்தம் செய்வோருக்கும் இந்த அறிவுரை பொருந்தும் என்று தோன்றுகிறது.

அடிமுறையிடம் இருந்து ஜியு-ஜிட்சு கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. நம் மரபில் அடிக்கக் கற்பவர் இளக்கவும் கற்க வேண்டும். ஒரு வர்மத்தில் அடிபட்டவரை எந்த அடங்கலில் தட்டி எழுப்புவது, பின் எப்படித் தடவுவது, என்ன கசாயம் என்பது வரை ஆசானின் பொறுப்பு. நான் பயிலும் இடத்தில் முழங்கை வலித்தால் பனிக்கட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அடிமுறை விதிநூலில் ஆட்டக்காரரின் தகுதிகளுள் ஒன்றாக இளக்குமுறைத் தேர்வையும் சேர்த்தால், உலகில் வேறெந்தத் தற்காப்புப் போட்டிக்கும் இல்லாத தனிச்சிறப்பு அதற்கு அமையும். மெய்யாகவே இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

கடைசியாக, என் துறை சார்ந்த ஒரு கவலை. விதிநூல் எந்தச் சொற்களால் எழுதப்படும்? ஜியு-ஜிட்சு பயில்பவர் ஒரே மாலையில் மூன்று மொழிகளில் உருளுகிறார். தோளை முறுக்கும் 'கிமுரா', 1951இல் மரக்கானா அரங்கில் ஹீலியோ கிரேசியை வென்ற ஜப்பானியரின் பெயர். காலால் தோளைப் பூட்டும் 'ஓமோபிளாட்டா', தோள்பட்டை எலும்புக்குப் போர்த்துகீசியர் வழங்கும் சொல். 'கார்டு' ஆங்கிலம். சாவி, சன்னல், மேசை, அலமாரி ஆகியவற்றைத் தந்துபோனவர்களின் மொழி ஐந்நூறு ஆண்டு கழித்துப் பிரேசில் சுற்றி வந்து இன்னொரு சொல்லையும் தருகிறது. அப்போது சாவி, இப்போது பூட்டு. இரவல் சொற்கள்மீது எனக்குப் பகையில்லை. வலிப்பது வேறு. பாறசாலையில் மலையாளவழி படிக்கும் பிள்ளைகள் ஆசானின் வாய்த்தாரியைத் தமிழில் கேட்கிறார்கள், தமிழில் உடலை அசைக்கிறார்கள். அவர்களில் பலருக்கு எழுத்துத் தமிழோடு தொடர்பே இல்லாதபோது, அடி, தடை, பூட்டு, அடங்கல், இளக்கு ஆகிய சொற்கள் அவர்கள் உடம்பில் மட்டும் வாழ்கின்றன. 'சுவடு' என்ற ஒரு சொல்லே போதும். தமிழில் அது பதிந்த கால்தடம், மலையாளத்தில் எடுத்துவைக்கும் அடி. களரியில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. கொண்டைக்கொல்லி, தும்மிக்காலம், உறக்கக்காலம் முதலிய வர்மப் பெயர்களில் 'காலம்' என்ற ஈறு உடலின் ஓரிடத்தைச் சுட்டுவதை எந்தப் பாடநூலும் நமக்குச் சொல்லித் தரவில்லை. போட்டி விதிநூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு மலையாளத்திலும் தமிழிலும் பெயர்க்கப்படுமானால் இச்சொற்கள் முதல் பக்கத்திலேயே இறந்துவிடும். ஆசான் வாயில் இருக்கும் சொல்லிலிருந்து விதிநூல் தொடங்க வேண்டும், இரு எழுத்திலும்.

அதற்கான சொல்லடைவை எல்லையின் இருபுறமும் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். பிடி, பூட்டு, வீழ்த்து, தப்பு, தட்டு ஆகிய ஐந்துக்கும் உங்கள் ஊர்க் களரியில் வழங்கும் சொல் வேறாக இருந்தால், ஊர்ப்பெயரோடு கீழே எழுதுங்கள். பனச்சமூட்டுக்கு வடக்கே, வெள்ளறடைப் பக்கத்திலிருந்து இன்னும் ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.